"கேப்மாரி"ங்குற வார்த்தைய வாயில இருந்து எடுக்கறது எப்படி

ஃப்ரெண்டு காசு வாங்கிட்டு திருப்பித் தரலைன்னா "சரியான கேப்மாரிடா அவன்", தம்பி ஃப்ரிட்ஜ்ல இருந்த ஸ்வீட்ட யாருக்கும் தெரியாம தின்னுட்டான்னா "டேய் கேப்மாரி", அரசியல்வாதிய திட்டணும்னா "கேப்மாரி மொள்ளமாரி முடிச்சவிக்கி"ன்னு மூணையும் ஒரே மூச்சுல. தமிழ்நாட்டுல இத கேக்காத காது இல்ல. காமெடி சீன்ல வருது, மீம்ல வருது, 2019ல இதே பேர்ல ஒரு தமிழ்ப்படமே வந்துச்சு. டுபாக்கூர், டகால்ட்டி மாதிரி சும்மா சத்தத்துக்காக உருவான வார்த்தைன்னுதான் நிறைய பேரு நெனைக்கிறாங்க.

அது ஒரு சமூகத்தோட பேரு. குறவர் சமூகப் பிரிவுகளோட சேர்த்து சொல்லப்படுற மக்களோட பேரு, தமிழ்நாடு அரசோட சீர்மரபினர் பட்டியல்ல இன்னிக்கும் அச்சுல இருக்கு, அந்தப் பேர வச்சுதான் அவங்க பிள்ளைங்களுக்கு சாதிச் சான்றிதழ் குடுக்கறாங்க. ஒரு எட்டாங்கிளாஸ் பையன நெனச்சுப் பாருங்க, ஸ்காலர்ஷிப் ஃபாரம் ஃபில் பண்ண வாத்தியார் ஒவ்வொருத்தனா கூப்பிட்டு சர்டிபிகேட்ட பார்த்து சாதிப் பேர சத்தமா படிக்கிறாரு, இவன் முறை வருது, அவர் படிச்ச உடனே மொத்த கிளாஸும் சிரிக்குது. அந்தப் பசங்க யாரும் கெட்டவங்க கெடையாது, அவங்களுக்கு அது டிவில கேட்ட ஒரு காமெடி வார்த்தை, அவ்ளோதான். ஆனா இவனுக்கு அது அப்பன் பேரு தாத்தன் பேரு.

இது தெரிஞ்சதும் "ஐயோ இத்தன நாளா இப்படியா பேசிட்டு இருந்தோம்"னு தோணி, சரி விட்ரலாம்னு முடிவு பண்றவங்களுக்காகத்தான் இந்தப் பதிவு. முடிவு பண்றது ஒரு நிமிஷ வேல, வாயில இருந்து எடுக்கறதுக்குத்தான் கொஞ்சம் வழி தெரியணும், ஏன்னா பழக்கத்துல வர்ற வார்த்தை யோசிக்கறதுக்கு முன்னாடியே வந்து விழுந்துரும்.

முதல்ல நீங்களே செக் பண்ணிக்கோங்க

நான் சொல்றேன்னு நம்ப வேணாம். பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சிறுபான்மையினர் நலத்துறை பட்டியல்ல சீர்மரபினர்னு ஒரு தனிப் பகுதி இருக்கும், மொத்தம் 68 சமூகங்கள். டிஎன்பிஎஸ்சிக்கு படிக்கறவங்க வீட்ல இருந்தா இன்னும் ஈசி, விண்ணப்பதாரர்களுக்கான அறிவுரைகள்னு ஒரு பெரிய பிடிஎஃப் இருக்கும், அதோட பின்னிணைப்புல எல்லா சமூகப் பட்டியலும் வரும். அதுல குறவர்னு முடியற பேரா வரிசையா பாத்துட்டே வாங்க. ஆத்தூர் கீழ்நாட்டுக் குறவர், கந்தர்வக்கோட்டைக் குறவர், இஞ்சிக் குறவர், சேலம் உப்புக் குறவர், வரகனேரிக் குறவர்னு ஊர் பேரும் தொழில் பேருமா போய்ட்டே இருக்கும், நடுவுல கேப்மாரின்னு தனியா ஒரு பதிவு, அப்புறம் தோகமலைக் குறவர் அல்லது கேப்மாரின்னு இன்னொரு பதிவு. தோகமலை எங்கயோ தூரத்துல இல்ல, கரூர் மாவட்டம், முன்னாடி திருச்சியோட இருந்தது.

இத ஒரு ஸ்க்ரீன்ஷாட் எடுத்து போன்ல வச்சுக்கோங்க. பின்னாடி வீட்ல பேசும்போது பத்து நிமிஷ லெக்சர விட இந்த ஒரு படம் நல்லா வேல செய்யும். "சும்மா ஏதோ வாட்ஸப்புல வந்ததச் சொல்றான்"ங்குற பேச்சுக்கே இடம் இருக்காது, கவர்மெண்ட் பட்டியல்.

ஒரு மக்களோட பேரு எப்படி திட்டு வார்த்தை ஆச்சு

இந்தக் கதைய கொஞ்சம் நிதானமா தெரிஞ்சுக்கறது நல்லது, ஏன்னா யாராவது "அவங்க திருடுனாங்க, அதனாலதான் அந்தப் பேரு"ன்னு கண்டிப்பா சொல்லுவாங்க, அப்ப பதில் வேணும்.

1871ல வெள்ளைக்கார அரசாங்கம் குற்றப் பரம்பரைச் சட்டம்னு ஒண்ணு கொண்டு வந்தாங்க, முதல்ல வடக்கே. 1911ல அத திருத்தி புதுசாக்கி மெட்ராஸ் மாகாணத்துக்கும் இழுத்துட்டு வந்தாங்க. நம்ம ஊர்ல இதுக்கு கைரேகைச் சட்டம், ரேகைச் சட்டம்னு பேரு. ஒரு சமூகத்தோட பேர அரசாங்கம் அறிவிப்புல போட்டுட்டா முடிஞ்சது, அந்தச் சமூகத்துல பொறந்தவங்கள போலீஸ் ரெஜிஸ்டர்ல ஏத்தலாம், கைரேகை எடுக்கலாம், குறிப்பிட்ட நேரத்துக்கு ஸ்டேஷன்ல வந்து கணக்கு குடுன்னு சொல்லலாம், ஊர விட்டு நகரணும்னா சீட்டு வாங்கிட்டுப் போன்னு சொல்லலாம், குடும்பத்தோட தூக்கி செட்டில்மெண்ட்ங்குற காவல் குடியிருப்புல கொண்டு போய் அடைக்கலாம், பிள்ளைங்கள அப்பா அம்மாகிட்ட இருந்து பிரிச்சு வேற எடத்துல வைக்கறதுக்கும் சட்டத்துல வழி இருந்துச்சு. அந்த ஆள் ஏதாவது தப்பு பண்ணானாங்குற கேள்வியே இதுல வராது. பொறப்பே போதும்.

மதுரைப் பக்கத்துக்காரங்களுக்கு இது நல்லாவே தெரியும், 1920 ஏப்ரல் 3ஆம் தேதி பெருங்காமநல்லூர்ல பிறமலைக் கள்ளர் சமூகத்துக்காரங்க ரேகை வைக்க மாட்டோம்னு நின்னப்ப போலீஸ் சுட்டு ஆம்பள பொம்பளைன்னு உயிர் போச்சு. அவங்க எண்ணிக்கையில பெரிய சமூகம், அதனால அந்த நினைவு இன்னிக்கும் நிக்குது, வருஷா வருஷம் அஞ்சலி நடக்குது. ஊர் ஊரா சின்னச் சின்னதா சிதறிக் கெடந்த குறவர் பிரிவுகளுக்கு அந்த மாதிரி நினைவுச்சின்னமும் இல்ல, அவங்க கதைய எடுத்துச் சொல்ற ஆளும் ரொம்ப கம்மி. கேப்மாரிங்குற பேரு அந்தப் பக்கம் சேர்ந்தது. மிச்சமா நின்னது திட்டு மட்டும்தான்.

குறவர்கள் அதுக்கு முன்னாடி என்ன செஞ்சாங்கன்னு பாத்தா விஷயம் இன்னும் தெளிவாகும். பட்டியல்லயே உப்புக் குறவர்னு பேரு இருக்கு பாருங்க, அது சும்மா வந்த பேரு இல்ல. கடலோரத்துல உப்பு வாங்கி மாட்டு மேலயும் கழுதை மேலயும் பொதி ஏத்தி உள்நாட்டு ஊர்களுக்கு கொண்டு போய், அங்க இருந்து தானியம் ஏத்திட்டு வர்ற வியாபாரம் அவங்களோடது. ஊர்க்காரங்க அவங்க வர்ற நாளுக்கு காத்துட்டு இருப்பாங்க. 1856ல ராயபுரத்துல இருந்து வாலாஜா வரைக்கும் தென்னிந்தியாவோட முதல் ரயில் ஓடுச்சு, அப்புறம் லைன் நீள நீள பொதி மாட்டு வியாபாரம் படுத்துருச்சு, உப்பும் அரசாங்கத்தோட கட்டுப்பாட்டுக்குள்ள போயிருச்சு. வழி வழியா நடந்துட்டு இருந்த மக்களுக்கு திடீர்னு நடக்கறதுக்கு காரணம் இல்லாமப் போச்சு, ஆனா வீடு வாசல் நிலம்னும் எதுவும் இல்ல. நிலையா ஒரு ஊர்ல இல்லாதவங்க எல்லாருமே சந்தேகத்துக்குரியவங்கன்னு நெனச்ச அரசாங்கத்துக்கு இவங்கள லிஸ்ட்ல சேக்கறதுல எந்தத் தயக்கமும் இல்ல.

இன்னும் பின்னாடி போனா குறவர்னா குறிஞ்சி நிலத்து மக்கள், தினை காத்தவங்க, தேன் எடுத்தவங்க. குறமகள் இளவெயினின்னு ஒரு பெண் புலவர் பாட்டு புறநானூத்துல 157ஆவதா இருக்கு. முருகன் கட்டிக்கிட்ட வள்ளி குறவர் வீட்டுப் பொண்ணு. கண்ணகி விண்ணுலகம் போனத மொதல்ல பாத்து சேர மன்னன்கிட்ட சொன்னதே குன்றக் குறவர்கள்தான்னு சிலப்பதிகாரம் சொல்லுது. நாம ஸ்கூல்ல தமிழ்ப் பாடத்துல இதெல்லாம் பெருமையா படிச்சுட்டு, வெளிய வந்து அதே பேர திட்டறதுக்கு எடுக்கறோம், இது எனக்கு எப்பவும் மனசுக்கு கஷ்டமாத்தான் இருக்கு.

மெட்ராஸ் மாகாணத்துல அந்தச் சட்டத்த 1947ல எடுத்தாங்க, நாடு முழுக்க 1952 ஆகஸ்ட் 31ல எடுத்தாங்க. பட்டியல்ல இருந்து விடுவிச்சவங்கங்குற அர்த்தத்துலதான் சீர்மரபினர்ங்குற பேரே வந்துச்சு. 1979ல தமிழ்நாடு அரசு சீர்மரபுப் பழங்குடியினர்னு இருந்தத சீர்மரபு வகுப்பினர்னு மாத்திருச்சு, பழங்குடிங்குற சொல்ல திருப்பிக் குடுங்கன்னு அவங்க பல வருஷம் போராடினாங்க, 2019ல மத்திய அரசுத் தேவைகளுக்கு டிஎன்டி, அதாவது சீர்மரபுப் பழங்குடியினர்னும், மாநிலத் தேவைகளுக்கு டிஎன்சி, அதாவது சீர்மரபு வகுப்பினர்னும் ரெண்டு விதமா சான்றிதழ் குடுக்க உத்தரவு வந்துச்சு. அவங்கள என்ன பேர்ல கூப்பிடணும்னு அவங்களே இவ்ளோ வருஷம் சண்டை போட்டிருக்காங்க. சட்டம் போயி 70 வருஷத்துக்கு மேல ஆச்சு, திட்டு மட்டும் இன்னும் நம்ம வாயில இருக்கு.

"கேப்" கதைய நம்பாதீங்க

தேடுனீங்கன்னா ஒரு விளக்கம் கண்டிப்பா கண்ணுல படும், கேப்னா தொப்பி, மாறின்னா மாத்துறவன், தொப்பிய மாத்தி ஏமாத்துறவன் கேப்மாறி அப்படின்னு. கேக்க நல்லா இருக்கும், உடனே மனசுல ஒட்டிக்கும், அதுவே சந்தேகப்பட வேண்டிய விஷயம். இந்த மாதிரி விளக்கம் எதப் பாத்தாலும் நான் மூணு கேள்வி கேப்பேன், நீங்களும் கேட்டுப் பழகிக்கோங்க: இத மொதல்ல எழுதுனது யாரு, அவங்க அந்த மக்களுக்கு என்ன உறவு, அந்த மக்கள் தங்களப் பத்தி என்ன சொல்றாங்க.

பழைய பதிவுகள தேடிப் போனா பெரும்பாலும் ரெண்டு வகை ஆட்கள்கிட்டதான் போய் நிப்பீங்க. ஒண்ணு போலீஸ் அதிகாரிங்க, உதாரணத்துக்கு மெட்ராஸ் போலீஸ்ல இருந்த முல்லாலி 1892ல மாகாணத்துல இருந்த "குற்ற வகுப்புகள்" பத்தி ஒரு புத்தகமே போட்டாரு. இன்னொண்ணு எட்கர் தர்ஸ்டன், மெட்ராஸ் மியூசியத்தோட கண்காணிப்பாளர், ரங்காச்சாரியோட சேர்ந்து 1909ல தென்னிந்தியச் சாதிகளும் பழங்குடிகளும்னு ஏழு தொகுதி போட்டாரு, அதுல கேப்புமாரின்னு ஒரு பதிவு இருக்கு. இதெல்லாம் படிக்க வேணாம்னு சொல்லல, படிங்க, ஆனா படிக்கும்போது இது யாரோட கண்ணுல பாத்ததுன்னு ஞாபகம் இருக்கட்டும். பிடிபட்ட ஒருத்தன் செஞ்சத வச்சு "இவர்கள் இப்படிச் செய்வார்கள்"னு மொத்த மக்களுக்கும் எழுதுற பழக்கம் அந்தக் கால எழுத்துல சாதாரணமா இருந்துச்சு. வேற எந்தச் சாதியில ஒருத்தன் திருடினாலும் அது அவன் திருட்டு, இவங்கள்ல ஒருத்தன் திருடினா அது சமூகத்தோட குணம்.

அதனால பேரோட மூலம் என்னன்னு உங்களுக்கு ஒரு முடிவு கெடைக்கலைன்னாலும் ஒண்ணும் கெட்டுப் போகல. அது ஒரு மக்களோட பேரா இன்னிக்கு பதிவுல இருக்குங்குறதே வார்த்தைய விடறதுக்கு போதும்.

வாயில இருந்து எடுக்கற வழி

நான் பாத்த வரைக்கும் "இனிமே சொல்லக்கூடாது"ன்னு மட்டும் முடிவு பண்ணா வேலைக்கு ஆகாது. அந்த எடத்துல வர்றதுக்கு வேற வார்த்தை ரெடியா இருக்கணும். நல்ல வேளையா தமிழ்ல திட்டறதுக்கு பஞ்சமே இல்ல.

மொதல்ல நீங்க எந்த அர்த்தத்துல அந்த வார்த்தைய எடுக்கறீங்கன்னு பாருங்க. ஏமாத்துனவன திட்டன்னா ஃபிராடு, ஏமாத்துக்காரன், பித்தலாட்டக்காரன், டுபாக்கூர்னு இருக்கு. சின்னச் சின்ன திருட்டுத்தனம்னா களவாணி, திருட்டுப்பய. செல்லமா கூப்பிடறதுன்னா கேடிப்பய, ஃபோர்ட்வென்டி, தில்லாலங்கடி, ஜகஜ்ஜால கில்லாடி, எதுவேணா. கேடிங்குறதும் போலீஸ் ரெஜிஸ்டர்ல இருந்து வந்த சொல்லுதான், ஆனா அது பழைய குற்றவாளின்னு தனி ஆள்மேல வச்ச குறியீடு, எந்தச் சமூகத்தோட பேரும் கெடையாது. முடிச்சவிக்கியும் பரவால்ல, வேட்டி முந்தானைல முடிஞ்சு வச்ச காச அவுக்கறவன்னு அது ஒரு செயலச் சொல்லுது. இதுதான் நான் வச்சிருக்கற அளவுகோல், அந்த வார்த்தை ஒரு செயலச் சொல்லுதா, பொறப்பச் சொல்லுதா. செயலச் சொன்னா திட்டிக்கோங்க, அது உங்களுக்கும் அந்த ஆளுக்கும் உள்ள விவகாரம்.

இதுல ஒண்ணே ஒண்ண மட்டும் எடுத்து பழக்கப்படுத்துங்க. பத்து வார்த்தைய மனப்பாடம் பண்ணா கோவத்துல ஒண்ணும் வராது, பழையதுதான் வரும். "கே"ன்னு ஆரம்பிச்சுட்டீங்கன்னா "கேடி"ன்னு முடிக்கலாம்ங்கறதால எனக்கு அது வசதியா இருக்கு, நாக்கு பாதி தூரம் போயிட்டாலும் திருப்பிக்கலாம். கோவம் வர்ற எடம் எதுன்னும் பாத்து வச்சுக்கோங்க, வண்டி ஓட்டும்போது, மேட்ச் பாக்கும்போது, நியூஸ் பாக்கும்போது, ஃப்ரெண்ட்ஸோட கேம் ஆடும்போதுன்னு ஆளாளுக்கு ஒரு எடம் இருக்கும், மத்த நேரத்துல கவனமா இருக்கறது பெருசு இல்ல, அந்த எடத்துலதான் வரும். தவறி வந்துருச்சுன்னா பெரிய சீன் வேணாம், அதே வாக்கியத்த சரியான வார்த்தையோட திருப்பிச் சொல்லிட்டு போய்ட்டே இருங்க, பக்கத்துல இருக்கற பிள்ளைங்க அதையும்தான் கவனிக்கும்.

வீட்லயும் க்ரூப்லயும்

பெரியவங்கள நாலு பேர் முன்னாடி திருத்தாதீங்க. கல்யாண வீட்ல சித்தப்பா ஜாலியா யாரையோ கேப்மாரின்னு சொல்லிட்டு எல்லாரும் சிரிச்சுட்டு இருக்கும்போது நீங்க எந்திரிச்சு வரலாறு எடுத்தா அவர் மானப் பிரச்சனை ஆயிரும், அப்புறம் வேணும்னே நாலு தடவ சொல்லுவாரு. சாப்ட்டு முடிச்சு வெத்தலை போடற நேரத்துல பக்கத்துல உக்காந்து சொல்லுங்க.

"சித்தப்பா, ஒண்ணு தெரியுமா, கேப்மாரின்றது நெசமாவே ஒரு சாதிப் பேராம், நம்ம தோகமலைப் பக்கம் இருக்கறவங்களாம்."

"யார்றா சொன்னா, அதெல்லாம் சும்மா பேச்சு வழக்கு."

"இல்ல சித்தப்பா, இங்க பாருங்க கவர்மெண்ட் லிஸ்ட்டு. அந்தப் பிள்ளைங்க இந்தப் பேர்ல சர்டிபிகேட் வாங்கிட்டு காலேஜுக்கு போகுது."

அவ்ளோதான், இங்க நிறுத்திருங்க. "அதனால நீங்க சொல்லாதீங்க"ன்னு முடிக்கவே வேணாம், அவருக்கே புரியும். நம்ம பெரியவங்க நெறைய பேருக்கு அடுத்தவன் பிள்ளை மனசு நோகக்கூடாதுன்னு உள்ளுக்குள்ள இருக்கு, சாதிப் பேருன்னு தெரியாமத்தான் சொல்லிட்டு இருக்காங்க.

எதிர்ப் பேச்சு வந்தா பெரும்பாலும் இப்படித்தான் வரும். "நான் அந்த அர்த்தத்துல சொல்லல"ன்னா, ஆமா சொல்லலதான், ஆனா கேக்கற அந்தப் பையனுக்கு நீங்க எந்த அர்த்தத்துல சொன்னீங்கன்னு தெரியாது இல்லையா. "படத்துலயே சொல்றாங்க, சென்சாரே விட்டுட்டான்"னா, சென்சார்ல உக்காந்திருக்கறவங்களுக்கும் நம்மள மாதிரிதான் தெரிஞ்சிருக்காது. "அப்ப எதையுமே பேசக்கூடாதா"ன்னா, மேல சொன்ன பத்து வார்த்தையும் அப்படியே இருக்கு, ஒண்ணே ஒண்ணுதான் போகுது. உங்க சொந்தச் சாதிப் பேர எடுத்து நாளைல இருந்து திருடன்னு அர்த்தம் வச்சா எப்படி இருக்கும்னு கேக்கறது வலுவான கேள்விதான், ஆனா அது சண்டைல போய் முடியும், ரொம்ப நெருங்குன ஆளுகிட்ட மட்டும் கேளுங்க.

ஃபேமிலி க்ரூப்ல யாராவது அந்த வார்த்தையோட மீம் போட்டா க்ரூப்ல பதில் போடாம தனியா மெசேஜ் பண்ணுங்க. "அண்ணே அந்த மீம்ல இருக்கறது ஒரு சமூகத்தோட பேருண்ணே, முடிஞ்சா டெலிட் பண்ணிருங்க"ன்னு ரெண்டு வரி போதும். க்ரூப்ல அந்தச் சமூகத்தச் சேர்ந்தவங்களே யாராவது இருக்கலாம், அவங்க முன்னாடி இத ஒரு விவாதமா ஆக்குனா அவங்க சங்கடம்தான் இன்னும் ஜாஸ்தியாகும். ஆஃபீஸ், ஹாஸ்டல் எல்லாத்துக்கும் இதேதான். யாரு அந்தச் சமூகம்னு தேடிக் கண்டுபிடிக்கப் போகாதீங்க, தெரிஞ்சாலும் அவங்ககிட்ட போயி "உங்களுக்கு இது வலிக்குதா"ன்னு கேக்காதீங்க, அவங்க சாதிய அவங்களா சொன்னா ஒழிய நமக்கு அது தேவையில்லாத விஷயம்.

சின்னப் பிள்ளைங்க ரொம்ப சுலபம். "அது ஒருத்தரோட பேருடா கண்ணு, பேரச் சொல்லித் திட்டக்கூடாது"ன்னா போதும், குற்றப் பரம்பரைச் சட்டமெல்லாம் வளந்த அப்புறம் படிச்சுக்கும். வாத்தியார்களுக்கு மட்டும் ஒரு வேண்டுகோள், சாதிச் சான்றிதழ கிளாஸ்ல சத்தமா படிக்காதீங்க, எந்தச் சமூகமா இருந்தாலும். ஒவ்வொருத்தரா டேபிளுக்கு கூப்பிட்டு ஃபாரத்த ஃபில் பண்ண வச்சா வேல முடிஞ்சது.

எழுதறவங்க, வீடியோ போடறவங்க

ஸ்கிரிப்ட்ல ஒரு கேரக்டர் இப்படித்தான் பேசுவான், ஊர்ல அப்படித்தான பேசறாங்கன்னு தோணும். ஒரு கதைல அந்த வார்த்தையோட காயத்தப் பத்தியே எழுதறீங்கன்னா அது வரத்தான் செய்யும், இந்தப் பதிவுலயே எத்தனை தடவ வந்திருக்கு. ஆனா சிரிப்புக்காக மட்டும் வருதுன்னா தூக்கிட்டு கேடின்னு போட்டுப் பாருங்க, சிரிப்பு கொறையாது. வீடியோவோட தலைப்புலயும் தம்ப்னெய்ல்லயும் மட்டுமாவது கண்டிப்பா வேணாம், உள்ள இருக்கறது போட்டு கேக்கறவங்களுக்கு மட்டும்தான் போகும், தலைப்பு எல்லார் போன்லயும் போய் நிக்கும். சப்டைட்டில் போடறவங்க எப்படியும் ஆங்கிலத்துல திருடன், மோசடிக்காரன்னுதான் போடறாங்க, அப்ப தமிழ்லயும் அந்த அர்த்தத்தையே பேச வச்சா என்ன கொறஞ்சிரும்.

பேரா சொல்ல வேண்டிய எடமும் இருக்கு. சான்றிதழ், இட ஒதுக்கீடு, வரலாறு, வழக்கு, கணக்கெடுப்பு, இங்கெல்லாம் அந்தப் பேர மறைச்சா அவங்க உரிமைதான் போகும், எம்பிசி டிஎன்சிக்கு சேர்த்து தமிழ்நாட்டுல 20 சதவீத ஒதுக்கீடு இருக்கு, அந்தப் பேர வச்சுதான் அது கெடைக்குது. அந்த மாதிரி எழுதும்போது "கேப்மாரி சமூகத்தினர்", "தோகமலைக் குறவர் சமூகத்தைச் சேர்ந்தவர்"னு மரியாதையா முழுசா எழுதுங்க. "ன்" விகுதி போட்டு எழுதாதீங்க. அவங்களே தங்கள வேற பேர்ல சொல்லிக்கிட்டா அந்தப் பேர எழுதுங்க, அதுல நமக்கு கருத்து சொல்ல ஒண்ணும் இல்ல.

இதோட சேர்ந்து வர்ற மத்த வார்த்தைகள்

ஒரு வார்த்தைய கவனிக்க ஆரம்பிச்சா மிச்சம் தானா கண்ணுல படும். "குறவன் குறத்தி மாதிரி சண்டை போடறாங்க", "நரிக்குறவன் மாதிரி பாசி மாட்டிட்டு திரியறா", "லம்பாடி மாதிரி டிரெஸ் பண்ணிருக்கா", "அட சண்டாளா", எல்லாமே மக்களோட பேருதான். சண்டாளர் பேரு தமிழ்நாட்டு எஸ்சி பட்டியல்ல இருக்கு, 2024ல மாநில எஸ்சி எஸ்டி ஆணையமே அந்தச் சொல்ல பொதுவெளில பயன்படுத்த வேணாம்னு சொல்லுச்சு. அப்புறம் சின்னப் பிள்ளைங்கள சீண்டறதுக்கு "உன்ன குறத்திகிட்ட தவிட்டுக்கு வாங்கினோம்"னு சொல்றது, சாப்பிடலைன்னா "குறவன் வந்து புடிச்சுட்டுப் போயிருவான்"னு பயமுறுத்தறது. சொல்றவங்க பாசத்துலதான் சொல்றாங்க, ஆனா அந்தப் பிள்ளை நாளைக்கு பஸ் ஸ்டாண்டுல பாசி விக்கற அக்காவ பாத்தா அம்மா பின்னாடி போயி ஒளிஞ்சுக்குது. பயமுறுத்தணும்னா பூச்சாண்டி இருக்காரு, அவரு எந்தப் பட்டியல்லயும் இல்ல.

குறவரும் நரிக்குறவரும் ஒண்ணு கெடையாதுங்குறதும் நெறைய பேருக்கு தெரியாது. நரிக்குறவர் பேசறது வாக்ரிபோலி, குஜராத்தி மராத்தி பக்கம் சேர்ந்த மொழி, அவங்க தங்கள வாக்ரின்னு சொல்லிக்குவாங்க, 1972 வனவிலங்குச் சட்டத்துக்கு அப்புறம் வேட்டை போயி ஊசி பாசி வியாபாரம் முக்கியமாச்சு, 2022 டிசம்பர்ல பார்லிமெண்ட்ல மசோதா பாஸ் ஆகி எஸ்டி பட்டியல்ல சேர்ந்தாங்க. குறவர் திராவிட மொழி பேசற வேற மக்கள், குறவன், சித்தனார்னு எஸ்சி பட்டியல்ல இருக்காங்க, பல பிரிவுகள் சீர்மரபினர்ல இருக்கு, ஆந்திராவுல எருகலா, கர்நாடகாவுல கொரமா கொரச்சான்னு சொல்றாங்க. நீலகிரி குறும்பர் முழுக்க வேற. பேரு ஒரே மாதிரி இருக்குன்னு எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டு பேசறதும் திட்டறதுல பாதிதான். கடைல, பஸ் ஸ்டாண்டுல அவங்ககிட்ட ஏதாவது வாங்கும்போது "ஏய் குறத்தி, இது எவ்ளோ"ன்னு கேக்காம வேற யாருகிட்ட வாங்கினாலும் எப்படி கேப்பீங்களோ அப்படி "அக்கா இது எவ்ளோக்கா", "அண்ணே இது எவ்ளோண்ணே"ன்னு கேளுங்க.

சட்டத்தப் பத்தி சுருக்கமா: எஸ்சி எஸ்டி வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989ல, 2015 திருத்தத்துக்கு அப்புறம், பிரிவு 3(1)(எஸ்) படி எஸ்சி எஸ்டி சமூகத்தச் சேர்ந்த ஒருத்தர பொதுப் பார்வைல சாதிப் பேரச் சொல்லி திட்டினா குற்றம், ஆறு மாசத்துல இருந்து அஞ்சு வருஷம் வரைக்கும் ஜெயில். ஆன்லைன்ல போடறதும் பொதுப் பார்வைதான்னு கேரளா ஹைகோர்ட் 2022ல சொல்லிருக்கு. கேப்மாரி சீர்மரபினர் பட்டியல்ல இருக்கறதால அந்தப் பேருக்கு இந்தச் சட்டம் நேரா வராது. அவங்களுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லங்கறது இன்னும் கவனமா இருக்கறதுக்குத்தான் காரணம்.

கடைசியா பழைய போஸ்டுகள். உங்க ஃபேஸ்புக், எக்ஸ், யூடியூப் கமெண்ட் எல்லாத்துலயும் தேடும்போது ஒரே ஸ்பெல்லிங்ல தேடாதீங்க, கேப்மாரி, கேப்மாறி, கேப்புமாரி, கேப்மாரித்தனம்னு எல்லாம் போட்டுத் தேடுங்க, ஆங்கில எழுத்துல தமிழ் டைப் பண்ற பழக்கம் இருந்தா அதுலயும் ரெண்டு மூணு விதமா போட்டுப் பாருங்க. வந்தத அழிச்சுருங்க, மாத்த முடிஞ்சா மாத்திருங்க. வாட்ஸப்புல அந்த வார்த்தை போட்ட ஸ்டிக்கர் சேவ் பண்ணி வச்சிருந்தா ஃபேவரிட்ல இருந்தும் எடுத்துருங்க, இல்லைன்னா அவசரத்துல கை அதுலதான் போகும். போன் கீபோர்டுல ரெண்டெழுத்து அடிச்ச உடனே அந்த வார்த்தை பரிந்துரையா மேல வந்தா அது மேல அழுத்திப் புடிச்சு நீக்குங்குற ஆப்ஷன குடுங்க, நெறைய கீபோர்டுல அப்புறம் வராது.